நஷ்டப்பட ஒரு ஆள்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் அறைச் சூட்டில் உனக்கு வந்த கழுத்துக் கொப்புளம் ஆறிவிட்டதா? உன் கப்பலுக்கு எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும், படமும் பேச்சும் துறைமுகத்தில்தான் என்கிறாய். அதனால் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

நம் கம்ப்யூட்டர் கேமை வெளியிட முடியுமா என்று கேட்க, நேற்று ஒரு பப்ளிஷரைப் பார்த்துவிட்டு வந்தோம். பெரிய கம்பெனி. லிப்டுக்குள்ளேகூட அவர்கள் வெளியிட்ட கேம்களின் படங்கள். எங்களை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கேமை ஆடிப் பார்த்தார்.

நீ கப்பலேறிய பிறகு அது நிறைய மாறிவிட்டது. இப்போது ஆடுகிறவர் ஒரு குழாய் ரிப்பேர்க்காரி. பன்னிரண்டு மாடிக் கட்டடம், மேலே தண்ணீர் ஏறவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டு எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தப்பான சுவரை உடைத்தால் அந்த வீட்டுக்காரர் வாயில் விழ வேண்டும். சண்டை இல்லை, பாயிண்ட் இல்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கோட்டுக்காரர் முதல் மாடியிலேயே இரண்டு சுவரை உடைத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“நல்லாருக்கும்மா. ஆனா ஒழுகுற இடத்துல ஒரு அம்புக்குறி போட்டுடுங்க. மேல ஒரு கடிகாரம் ஓடட்டும். இல்லன்னா ஆளுங்க எரிச்சலாகி விட்டுட்டுப் போயிடுவாங்க.”

“அம்புக்குறி போட்டா அப்புறம் காது எதுக்கு சார்?”

“காது ஒரு எக்ஸ்ட்ரா மாதிரி இருக்கட்டும்.”

“அப்ப கேமும் ஒரு எக்ஸ்ட்ரா மாதிரி என்கிட்டயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் கண்டக்டரிடம் காசுக்குப் பதில் அந்தக் கோட்டுக்காரர் கொடுத்த கார்டை நீட்டினேன். ஆனாலும் தம்பி, ஒரு அம்புக்குறிகூட வராது. எழுதி வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத்தலையோடு படுக்காதே.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. கொப்புளம் ஆறிவிட்டது, இப்போது முழங்கையில் ஒன்று கிளம்பியிருக்கிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை.

அப்படிப் போடு அக்கா. “எக்ஸ்ட்ரா மாதிரி என்கிட்டயே இருக்கட்டும்” என்பதை இங்கே சாப்பாட்டு மேசையில் நடித்தே காட்டினேன். சமையல்காரர் கரண்டியைத் தட்டினார். கேப்டனுக்கு மட்டும் புரியவில்லை. அவரும் கோட்டுப் போடுகிறவர்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். எதற்காக இன்னொருவன் வாசலில் போய் நிற்க வேண்டும்? கேம் விற்கிற கடை இணையத்தில் திறந்துதானே கிடக்கிறது? யார் வேண்டுமானாலும் சரக்கை வைக்கலாம் என்று நீதானே சொன்னாய். நீங்கள் இரண்டு பேரும் ராணி மாதிரி விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே.

உன் கூட்டாளி தூரிகை என்ன சொன்னாள்? எழுந்து வந்தீர்கள் என்று எழுதினாய், அவள் சிரித்தாளா முறைத்தாளா என்று ஒரு வரி இல்லை. அவளிடம் படம் வரைவதை நிறுத்திவிட்டு உன் சாப்பாட்டைக் கவனிக்கச் சொன்னேன் என்று சொல்.

உன் தம்பி பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மே முதல் வாரம் என்று டாக்டர் சொன்னாராம். ஏப்ரல் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. பிரசவத்துக்கு அங்கே இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நலம். முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்காருகிறேன், பரவாயில்லை. முழங்கைக்கு மருந்து போட்டாயா?

கடை திறந்துதான் கிடக்கிறது. ஆனால் அந்தக் கடையில் ஒரே நாளில் எத்தனை பேர் சரக்கோடு வந்து நிற்கிறார்கள் தெரியுமா? “விரைவில்” என்று போட்டு நம் கேமுக்கும் ஒரு பக்கம் திறந்தோம். வந்து பார்த்தவர்களில் பாதிப் பேர் நம் சொந்தக்காரர்கள். மாமா மட்டும் நான்கு தடவை வந்திருக்கிறார், எதை அமுக்குவது என்று தெரியாமல்.

முயற்சி செய்து பார்க்கும்படி கொஞ்சம் பேருக்குக் கொடுத்தோம். ஒருவருடைய கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை. சத்தத்தை மட்டும் நம்பி இருக்கிற கேம் இது. அதே வகை கம்ப்யூட்டர் என்னிடம் இல்லை, எப்படிச் சரிசெய்வது? டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டிக்குக் கொண்டுபோகலாம் என்றால், அந்தக் கம்பெனி என்னோடு பேசவே பல காகிதங்கள் கேட்கிறது. வீட்டுக்காரர்கள் திட்டுகிற திட்டையெல்லாம் மெஷினில் போட்டு வேறு மொழிக்கு மாற்றினேன். அந்த மொழி தெரிந்த ஒருவர் படித்துவிட்டு, “ஐந்தாம் மாடிக்காரர் ஏன் பிரார்த்தனை செய்கிறார்?” என்று கேட்டார்.

காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரை பதில் எழுதுவதும் படிவம் நிரப்புவதுமே வேலை. கேமைத் தொட்டே பல நாளாகிறது. கீழே டயர் கடையில் தட்டுகிற சத்தம் கேட்கும்போது பொறாமையாக இருக்கிறது. அவர்கள் டயர் வேலையை மட்டும் செய்கிறார்கள்.

இன்னொரு பப்ளிஷர் எழுதியிருக்கிறார். சின்னக் கம்பெனி. நேரில் வந்து பார்க்கிறேன் என்கிறார். வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

தூரிகை நலம். நீ கேட்டதைச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்றெல்லாம் எழுதக் கோபம் விடவில்லை. முழங்கை நன்றாக இருக்கிறது.

ஒரு கோட்டுக்காரனை விரட்டிவிட்டு இன்னொருத்தரை வாசலுக்குக் கூப்பிடுகிறாயா? இன்றைக்கு நல்லவர் மாதிரி பேசுவார். கையெழுத்துப் போட்ட மறுநாள் அம்புக்குறி வரும். கேமைத் திறந்ததும் முதலில் அவர்கள் பெயர் வரும், அப்புறம்தானே உன் பெயர்? நீ பெற்ற பிள்ளைக்கு வேறு யாரோ இனிஷியலா?

உனக்கு எவ்வளவு காலம் வேண்டும், அதை மட்டும் சொல். ஆறு மாதமா, ஒரு வருஷமா? ஆள் வைத்துக்கொள், கம்ப்யூட்டர் வாங்கிக்கொள். நான் ஏற்பாடு செய்கிறேன். நான் எதற்கு இருக்கிறேன்? அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைக்க நீ யார் வாசலிலும் நிற்கவில்லையே. இப்போது என் முறை. கணக்குப் பேசாதே.

தூரிகை நலம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாய். சண்டையா?

தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் கோபமும் நலமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

அந்தப் பப்ளிஷர் வந்து போனார். ஒரு அம்மா. தடிமனான கண்ணாடி போட்டிருக்கிறார், அதனால் இங்கே அவருக்குப் பெயர் கண்ணாடியம்மா. டயர் கடைப் படியில் கிரீஸைத் தாண்டித் தாண்டி மேலே ஏறி வந்து, உட்கார இடம் தேடி, கடைசியில் தண்ணீர்க் கேன் மேல் உட்கார்ந்தார். கேமை முழுக்க இரண்டு தடவை முடித்திருக்கிறார்.

“அம்புக்குறி போடணுமா?” என்று நானே ஆரம்பித்தேன்.

“எதுக்கு? கெடுக்கவா? ஆனா மூணாவது மாடி இழுவை. பாதியா வெட்டணும்.”

“மூணாவது மாடிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச மாடி.”

“அது நல்லாத் தெரியுது. உங்களுக்கு அங்கேருந்து கிளம்ப மனசு வரலை. ஆடுறவனுக்குக் கிளம்பணும்.”

விடவில்லை நான். அவரும் விடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. கீழே டயர் கடைக்காரர் வந்து, “மேல ஏதாவது பிரச்சினையா?” என்று எட்டிப் பார்த்தார். அந்த அம்மா போன பிறகு மூன்றாவது மாடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி. வெட்டிவிட்டேன். இப்படி ஒருவரோடு மல்லுக்கட்டி எத்தனையோ நாளாகிவிட்டது. அறை திடீரென்று வெறிச்சென்று இருந்தது.

இனிஷியல் என்றாய். இனிஷியல் கொடுக்கிறவர் பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துக்கொண்டு போனால் எனக்கு மறுப்பில்லை.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ சொன்னதையும் யோசிக்கிறேன். அதைப் பற்றி நேரில் பேசலாம். இந்த மாதக் கடைசியில் இறங்குகிறாய் அல்லவா? எந்தத் தேதி என்று எழுது, அவள் அம்மா வீட்டுக்கு நானும் வந்துவிடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். மாதா மாதம் வரும். எப்படி, எங்கிருந்து என்று கேட்காதே. கண்ணாடியம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மூன்றாவது மாடியைப் பழையபடி போடு.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மே 15

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நானும் குழந்தையும் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம், ஆனால் போனில் என்றால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பெண் குழந்தை. உங்கள் தம்பியின் காது அப்படியே இருக்கிறது. பிறந்த அன்று அம்மா போன் செய்தபோது நீங்கள் அவர் வந்துவிட்டாரா என்று கேட்டீர்கள், கப்பல் தாமதம் என்று அம்மா சொன்னார்கள். எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். மாற்று ஆள் வரவில்லை, அதனால் இறங்க முடியவில்லை என்று.

நேற்றுக் கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நானே போன் செய்தேன். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். “மாற்று ஆள் ஏப்ரல்லயே ரெடிம்மா. உங்க வீட்டுக்காரர்தான் இன்னும் ஒரு வருஷம் இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்” என்றார்.

எதற்காக என்று என்னிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். மார்ச்சில் துறைமுகத்திலிருந்து பேசியபோது முழுக்க உங்கள் கேம் பேச்சுதான். அக்கா யாரிடமும் கையேந்தக் கூடாது என்றார்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நீங்கள் அவருக்குச் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். அதற்குப் பதில் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் என் பெண்ணுடைய முதல் வருஷத்தை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அது அவளுடையது. உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 19

அன்பு மிக்கவளே,

நீயும் பொடிசும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஏப்ரலிலேயே அவன் காதைத் திருகியிருப்பேன்.

அவன் அனுப்பியதை அப்படியே உன் கணக்குக்கு மாற்றிவிட்டேன். அதில் ஒரு காசு தொடவில்லை. உன் கோபத்தை விடாதே, அவனுக்கு அது தேவைப்படும். அவனுக்குத் தனியாக எழுதுகிறேன்.

பிள்ளையை என் சார்பில் முகர்ந்து பார்.

அண்ணி


மே 20

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் மகள் நலம், உன் மனைவி நலம். அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடியம்மாவோடு நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் பணம் உன் வீட்டுக்கே போய்விட்டது. இனி அனுப்பினாலும் அங்கேதான் போகும்.

முதலில் ஒன்று. தூரிகை டிசம்பரிலேயே போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. அவளுக்கு மாதச் சம்பளம் வேண்டியிருந்தது, விளம்பரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போனோம், வந்தோம், கொடுத்தோம் என்று உனக்கு எழுதியதெல்லாம் நான் ஒருத்திதான். அந்தக் கண்ணாடி அறையிலும் ஒருத்தியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் உடனே நீ கப்பலை விற்றாவது பணம் அனுப்புவாய் என்று பயந்தேன். சொல்லாமலே அதைத்தான் செய்திருக்கிறாய்.

தனியாக இருந்த மாதங்களில் நான் எழுதியதெல்லாம் எனக்கே சரியாகப் பட்டது. இல்லையென்று சொல்ல ஆளில்லை. மூன்றாவது மாடி அப்படித்தான் வீங்கிப் போயிருந்தது. கண்ணாடியம்மா வந்து அது இழுவை என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் திரும்ப வேலை ஓடியது.

பப்ளிஷர் என்றால் முதலாளி என்று நினைக்கிறாய். ஒப்பந்தத்தை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். “தேவைப்பட்டால் மாற்றலாம்” என்று இருந்த இடத்திலெல்லாம் யாருக்குத் தேவைப்பட்டால் என்று கேட்டேன். அத்தனையையும் அடித்தார்கள். பெயரையும் சத்தத்தையும் முடிவையும் என்னைக் கேட்காமல் தொட முடியாது. சொன்ன காலத்துக்குள் வெளியிடாவிட்டால் கேம் என்னிடமே திரும்பி வந்துவிடும். வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கொடுக்கிறேன். நான் ஒரு மாதம் படிவம் நிரப்பியதை அவர்களிடம் ஒரு பெண் ஒரு காலை வேளையில் முடித்துவிடுவாள். எல்லா வகை கம்ப்யூட்டரும் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாடிக்காரர் இனி ஏழு மொழியில் சுத்தமாகத் திட்டுவார்.

இதெல்லாம்கூடப் பெரிய காரணம் இல்லை. இந்தக் கேம் ஓடாமல் போகலாம். நிறைய ஓடாமல்தான் போகின்றன. ஓடாவிட்டால் கண்ணாடியம்மாவுக்கு நஷ்டம். அவர் அதை எதிர்பார்த்துத்தான் தொழில் செய்கிறார். நாலு கேமில் இழந்ததை அஞ்சாவதில் எடுப்பேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். உன்னிடம் வாங்கி ஓடாவிட்டால் யாருக்கு நஷ்டம்? உன் மகள் குப்புற விழுவதை, தவழுவதை, முதல் பல்லை, எல்லாவற்றையும் நீ கப்பலில் இருந்து இழந்திருப்பாய். அதை எந்தக் கேமில் எடுப்பாய்?

நஷ்டப்படுவதற்கென்று ஒரு ஆள் இருக்கும்போது நீ எதற்கு அந்த இடத்தில் வந்து உட்காருகிறாய்?

நான் உன்னைப் படிக்க வைத்தது திரும்ப வாங்குவதற்காக அல்ல. அது கடன் என்றால் இன்றோடு தள்ளுபடி. கம்பெனிக்கு எழுதி அடுத்த துறைமுகத்தில் இறங்கு. இறங்காவிட்டால் நானே உன் கம்பெனி ஆபீசுக்குப் போய் உட்காருவேன். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஆகஸ்ட் 4

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நலம். பொடிசு நன்றாகக் குப்புற விழுகிறாள், விழுந்துவிட்டு எங்களை முறைக்கிறாள்.

அவர் ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தார். உங்களுக்கு எழுதவில்லை என்று தெரியும். எழுதச் சொன்னால், “அவங்களுக்குத்தான் ஆள் இருக்கே” என்கிறார். போனை எடுத்துக் கொடுத்தாலும் குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விடுகிறார். அதனால் எனக்கு அந்த வேலை மிச்சம்.

இங்கேயே துறைமுகத்துப் பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். உங்களிடம் கோபமாக இருக்கிறார், ஆனால் வீட்டில் இருக்கிறார். எனக்கு இது போதும். உங்களுக்குப் போதாது என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகுவலி எப்படி இருக்கிறது?

உங்கள் தம்பி மனைவி


நவம்பர் 16

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். முதுகு தேவலை, சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி வாங்கிவிட்டேன்.

கேம் வெளியாகி மூன்று வாரமாகிறது. ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நடக்கிறது. அடுத்த கேம் தொடங்கும் அளவுக்கு நடக்கிறது. கண்ணாடியம்மா, “நஷ்டமில்லாம தப்பிச்சுட்டேன்” என்று சிரித்தார்.

நேற்று அவர் போன் செய்தார்.

“ஒருத்தர் நம்ம புகார்ப் பக்கத்துல விடாம எழுதிட்டே இருக்கார். நாலு தடவை பதில் போட்டாச்சு. ஆள் அடங்கலை. நீங்களே பாருங்க.”

அனுப்பி வைத்தார். படித்தேன். “பன்னிரண்டாவது மாடியில் மோட்டாரை நிறுத்திய பிறகும் பம்பு முனகுகிறது. உலகத்தில் எந்தப் பம்பும் இப்படி முனகாது. வால்வு ‘டொப்’ என்று சாத்தும், அதோடு அமைதி. இந்தக் கேமை உருவாக்கியவர் தன் வாழ்நாளில் ஒரு பம்பைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். உடனடியாகத் திருத்தவும். இப்படிக்கு, ஒரு வாடிக்கையாளர்.”

அடுத்ததில் வால்வு சாத்துவது எப்படி என்று முக்கால் பக்கம். அதற்கடுத்ததில், முதல் மாடியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு சுவரைக்கூடத் தப்பாக உடைக்காமல் ஏறியதாகப் பெருமை. கடைசியில், “மூன்றாவது மாடி சுருக்கமாக இருப்பது நல்லது” என்று ஒரு வரி. அதைப் பலமுறை படித்தேன்.

“யார்னு தெரியுதா?” என்று கண்ணாடியம்மா கேட்டார்.

“தெரியும். பட்டறையில இருக்கிற ஆள். கொஞ்சம் முரடு.”

“ஆனா அவர் சொல்றது சரிதானே? நிஜப் பம்பு முனகாதாமே. மாத்திடலாமா?”

“மாத்த முடியாது.”

“ஏன்?”

“பன்னிரண்டு மாடி ஏறி வந்த தண்ணி. நின்னதும் ஒரு மூச்சு விடும்.”

“அது உங்க கற்பனை.”

“ஆமா. என் கேம்.”

அரை மணி நேரம் சண்டை. இன்னும் தீரவில்லை. ஆகவே, வாடிக்கையாளர் அவர்களே, உங்கள் புகார்கள் கிடைத்தன. வால்வு பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நான் பம்பைப் பிரித்துப் பார்த்தவள் அல்ல என்பதும் உண்மை. அந்த முனகல் முனகலாகவே இருக்கும். நீங்களும் கண்ணாடியம்மாவும் கூட்டுச் சேர்ந்து வந்தாலும் ஒரு வினாடிகூடக் குறைக்க மாட்டேன்.

மறுப்பு இருந்தால் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம். பொடிசைத் தூங்க வைத்துவிடு. நாம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும்.

அக்கா